தடிமன் என்று ஒரு பொய்

2020 ஏப்ரல் 27, திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்கு மகனுடைய பாடசாலைக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினோம். "மகனுக்குத் தடிமன். இன்று வரமாட்டான்." அந்த நேரம் அவன் குசினி மேசையில் இருந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தான். தடிமனும் இல்லை, தும்மலும் இல்லை. ஆறு வாரத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த பாடசாலை, சிறிய வகுப்புகளுக்காகத் திறக்கிற முதல் நாள் அது. முதல் நாள் இரவே பையை அடுக்கி வாசலில் வைத்திருந்தான். அந்தப் பையை நாங்கள்தான் எடுத்து அலுமாரிக்குள் வைத்தோம்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்மையில் நோர்வேக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தோடு கதைத்துக்கொண்டிருந்தோம். "பள்ளிக்கூடத்தில இருந்து ஏதோ தடுப்பூசிக் கடிதம் வந்தது அக்கா. எங்களுக்கு அது என்னெண்டு விளங்கேல்லை. கேட்டா ஏதும் பிரச்சினை வந்திடுமோ எண்டு பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிட்டம்" என்று அந்தத் தாய் சொன்னார். நோர்வேயில் எந்தத் தடுப்பூசியும் கட்டாயமில்லை என்பதோ, கேட்டால் பதில் சொல்வதற்கென்றே பாடசாலையில் ஒரு தாதி இருக்கிறார் என்பதோ அவருக்குத் தெரியாது. அரசாங்கம் ஒன்று சொன்னால் தலையாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒளிக்க வேண்டும். எங்களுக்கும் ஒரு காலத்தில் இந்த இரண்டும்தான் தெரிந்திருந்தது. அவர் தலையாட்டினார். நாங்கள் ஒளித்தோம்.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை, பிரதமர் ஆர்ன சூல்பார்க் தொலைக்காட்சியில் தோன்றி, சமாதான காலத்தில் இந்த நாடு கண்ட மிகக் கடுமையான கட்டுப்பாடுகளை அறிவித்தார். நோர்வேயில் கொரோனாவால் முதல் மரணம் நிகழ்ந்ததும் அதே நாளில்தான். அன்று மாலையோடு பாலர் பாடசாலை முதல் பல்கலைக்கழகம் வரை எல்லாம் பூட்டப்பட்டன. எல்லோரும் சேர்ந்து "டுக்னாட்" செய்ய வேண்டும் என்று பிரதமர் கேட்டுக்கொண்டார். ஊரில் நாங்கள் சிரமதானம் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். குளம் வெட்டுவதும் கோயில் வீதி துப்பரவு செய்வதும்தான் எங்களுக்குத் தெரிந்த சிரமதானம். வீட்டுக்குள் இருப்பதும் ஒரு சிரமதானம் என்று அன்றுதான் அறிந்தோம்.

ஆனால் நாங்கள் வீட்டுக்குள் இருக்கவில்லை. எங்களில் ஒருவர் பஸ் சாரதி, மற்றவர் முதியோர் இல்லத்தில் வேலை. நாடு பூட்டினாலும் பூட்டாத வேலைகள். பஸ்ஸின் முன்கதவைப் பூட்டி, சாரதிக்குப் பின்னால் இருந்த ஆசனங்களை நாடாவால் மறித்து விட்டு ஓடச் சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் பிள்ளைகள் வந்து தாய் தகப்பனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். யன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போவார்கள். முகக்கவசம் எண்ணித்தான் கிடைத்தது. அந்த வசந்தத்தில் நோர்வேயில் கொரோனாவால் இறந்தவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். இரவு வேலை முடிந்து வந்தவர் நேரே குளியலறைக்குள் போய், உடுப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் போட்ட பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கிருமியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடியவர்கள் என்றால் அது நாங்கள் இருவரும்தான். நாங்கள் பயந்ததோ பாடசாலைக்கு.

மூத்தவனுக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. ஊரில் பிறந்தவன். தகப்பன் முதலில் வந்து, தாயும் மகனும் 2017 இல் வந்து சேர்ந்தார்கள். இந்த நாட்டின் முதல் பனிக்காலத்திலேயே அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நள்ளிரவில் அவசர சிகிச்சைக்குக் கொண்டு ஓடியிருக்கிறோம். உதடு நீலம் பாரித்த பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்களுக்கு, சுவாசப்பையைத் தாக்கும் ஒரு நோய் என்று செய்தியில் கேட்டால் எப்படி இருக்கும்? அதன் பிறகு விஞ்ஞானி சொன்னாலும் அமைச்சர் சொன்னாலும் காதில் ஏறாது.

வீட்டுப் பாடசாலை பெரும் பாடாகிவிட்டது. திங்கட்கிழமைகளில் ஆசிரியை அந்த வாரத்துக்கான பாடத் திட்டத்தை அனுப்புவார். முழுக்க நோர்வேஜிய மொழியில் இருக்கும். ஒரு சொல்லுக்கு அகராதி, அடுத்த சொல்லுக்கு மகனிடமே கேள்வி. கணக்கு எண்டாலும் சொல்லிக் குடுப்பம் என்று பார்த்தால், நாங்கள் கழிக்கிற முறை வேறு, அவர்கள் கழிக்கிற முறை வேறு. "அப்பா, நீங்கள் பிழையாச் செய்யிறியள்" என்று அழுவான். விடை ஒன்றுதான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கமாட்டான். இரண்டு வயதுச் சின்னவள் அவனுடைய ஐபாட்டை இழுப்பாள். பத்து மணிக்குள் வீட்டில் ஒரு யுத்தம் முடிந்திருக்கும். இரண்டரை வருடத்தில் கஷ்டப்பட்டுப் பிடித்த மொழி அவன் வாயில் இருந்து மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. வீட்டில் தமிழ் மட்டும்தான் என்பதில் எங்களுக்குச் சந்தோசம் இருந்தாலும், அவன் கூட்டாளி ஒருவன் கீழே முற்றத்தில் நின்று கூப்பிட்டபோது பதில் சொல்லத் தயங்கி யன்னலை விட்டு விலகியதைக் கண்டோம். அது மனதைக் குத்தியது.

மார்ச் 16 ஆம் திகதி ஒரு அதிசயம் நடந்தது. பிரதமர், பிள்ளைகளுக்காக மட்டும் ஒரு செய்தியாளர் மாநாடு நடத்தினார். பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பிறந்தநாள் கொண்டாடலாமா என்பது போன்ற கேள்விகள்! ஒரே நேரத்தில் இவ்வளவும் நடக்கும்போது கொஞ்சம் பயமாக இருப்பது சரிதான் என்ற கருத்தில் பேசினார். மகன் திரும்பி எங்களைப் பார்த்தான். "பயப்படலாமாம் அம்மா." நாங்கள் வளர்ந்த நாட்டில் நாட்டுத் தலைவர் வானொலியில் பேசினால் வீட்டில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்போம். எங்கே குண்டு விழப் போகிறது, எந்தப் பாதை பூட்டப் போகிறது என்று அறிவதற்காக. பயப்படலாம் என்று அனுமதி தந்த தலைவரை நாங்கள் கண்டதில்லை.

ஏப்ரல் 7 ஆம் திகதி அடுத்த அறிவிப்பு வந்தது. பாலர் பாடசாலைகள் 20 ஆம் திகதியும், முதலாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை 27 ஆம் திகதியும் திறக்கும் என்றார்கள். மகன் இரண்டாம் வகுப்பு. டென்மார்க் எங்களுக்கும் முன்னதாக ஏப்ரல் 15 இல் சிறிய வகுப்புகளைத் திறந்தது. இரண்டு நாடுகளிலும் தாய் தகப்பன்மார் கொதித்தெழுந்தார்கள். "என் பிள்ளை பரிசோதனை முயல் அல்ல" என்று முகநூலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். ஆராய்ச்சிக்கு உயிர் கொடுப்பது இவர்கள் பேச்சில் முயல். எங்கள் பேச்சில் எலி.

அந்த நோர்வேஜியப் பெற்றோருக்கும் எங்களுக்கும் பயம் ஒன்றுதான். ஆனால் அவர்கள் சத்தம் போட்டார்கள். பத்திரிகைக்கு எழுதினார்கள், அதிபருக்குக் கடிதம் அனுப்பினார்கள், அமைச்சரின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். நாங்கள் யன்னல் திரையை இழுத்துவிட்டு இரகசியம் பேசினோம். அரசாங்கம் இப்போது ஏன் திறக்கிறது? எங்களைப் போன்றவர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் பிள்ளைகளைப் பலி கொடுக்கிறார்கள் என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். நாங்கள் குடியிருந்தது ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில். வெளிநாட்டவர் கூடுதலாக வாழ்வதும் தொற்று கூடுதலாக இருந்ததும் அந்தப் பகுதிகளில்தான். அந்த வசந்தத்தில் சோமாலியச் சமூகத்தில் நோய் அதிகம் என்று செய்தி வந்தபோது, பஸ்ஸில் சோமாலியப் பெண் ஒருவர் ஏறினால் மற்றவர்கள் எழும்பிப் பின்னுக்குப் போவதைச் சாரதியின் கண்ணாடியில் பார்த்தோம். அவர்களில் பலர் எங்களைப் போலவே பஸ், டாக்சி, துப்பரவு, முதியோர் இல்லம் என்று ஆட்களோடு முகம் கொடுத்து வேலை செய்தவர்கள் என்பதை அந்த நாட்களில் கொஞ்சப் பேர்தான் எடுத்துச் சொன்னார்கள். நாளைக்கு இதே பார்வை தமிழர் பக்கம் திரும்பாது என்று என்ன நிச்சயம்?

யாழ்ப்பாணத்துக்கு எடுத்தால் அங்கே வேறு கதை. மார்ச் 20 இல் இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. யாழ்ப்பாணம் அபாயம் கூடிய மாவட்டங்களில் ஒன்று என்று சொல்லி அங்கே அது நீண்டுகொண்டே போனது. "இஞ்ச ஆமி சந்தியில நிக்குது தம்பி. மரக்கறி வாங்கப் போறதெண்டாலும் பயமாக் கிடக்கு. அங்க பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விடப் போறாங்களே? அனுப்பிப் போடாதேங்கோ, சொல்லிப்போட்டன்" என்று அம்மா சொன்னார். அம்மா சொன்னால் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் எந்த மருந்தையும் நம்பாத பரம்பரை அல்ல நாங்கள். எங்களில் ஒருவருக்குப் பத்து வயது இருக்கும்போது, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, பிறகு வன்னியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த காலம். மருந்து வராது, வந்தாலும் அரைவாசிதான் வரும். மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு. ஆனால் அந்தக் காலத்திலும் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரண்டு பக்கமும் துவக்குகளைக் கீழே வைத்தன. 1995 இல் இருந்து யுனிசெப் தலையிட்டு உண்டாக்கிய அமைதி நாட்கள் அவை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது இன்றைக்கும் ஞாபகம். குடும்பநல மாது பிள்ளையின் வாயைத் திறந்து இரண்டு சொட்டு விட்டார். அன்று ஒரு ஷெல் சத்தமும் கேட்கவில்லை. இலங்கையில் 1993 க்குப் பிறகு போலியோ இல்லை. எங்களிடம் யாரும் விளக்கம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்காமலே நம்புவதற்கு அந்தக் குடும்பநல மாது இருந்தார். அவரைத் தெரியும், அவருடைய சைக்கிளைத் தெரியும். ஒஸ்லோவில் எங்களுக்கு யாரைத் தெரியும்?

திங்கட்கிழமை அனுப்பிய பொய் அழகாக வேலை செய்தது. அந்த நாட்களில் விதி அப்படி. சிறிய தடிமன் என்றாலும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டும், சுகமாகி ஒரு நாள் கழித்துத்தான் அனுப்பலாம். "நல்லது, வீட்டிலேயே வைத்திருங்கள், விரைவில் சுகமாகட்டும்" என்று ஆசிரியை பதில் போட்டார், ஒரு பூப்படத்தோடு. பொய்க்கு நன்றி சொன்ன மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமையும் தடிமன். புதன்கிழமை இருமலையும் சேர்த்துக்கொண்டோம். சின்னவளின் பாலர் பாடசாலைக்கும் ஒரு வாரத்துக்கு முன்பே இதே கதையைச் சொல்லியிருந்தோம். பொய்யை நிறுத்த வழி தெரியவில்லை. வியாழக்கிழமை ஆசிரியை, வீட்டில் நிற்கும் பிள்ளைகளின் சுகம் விசாரிக்க வீடியோவில் அழைத்தார். தாய் குசினியில் பருப்பு இறக்கிக்கொண்டிருந்தவர், தகப்பன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவர். ஓடிப் போவதற்குள் மகன் தெளிவான நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டான்: "எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவும் அப்பாவும்தான் பயப்படுகினம்."

பயப்படலாம் என்று பிரதமரே சொன்னதை அவன் நம்பியிருந்தான். பிழை அவனிலா?

அன்றிரவு நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. கொரோனாவைப் பற்றிய யோசனையே இல்லை. "பார்ணவார்ண்" என்று இங்கே எல்லோர் வாயிலும் அடிபடும் சிறுவர் பாதுகாப்புச் சேவையை நினைத்துத்தான் பயம். அந்தப் பெயரை வைத்து எங்கள் சனம் பேசாத கதை இல்லை. பிள்ளைக்கு அடித்தால் கொண்டு போவார்கள், கையால் தீத்தினால் கொண்டு போவார்கள், பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் கட்டாயம் கொண்டு போவார்கள்... இதில் எது உண்மை, எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நாங்கள் இல்லை. "இஞ்சாருங்கோ, நாளைக்குக் காலமை அனுப்பி விடுவம்" என்று ஒருவர். "இப்ப அனுப்பினா பொய் எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி" என்று மற்றவர். பத்து வருடம் யுத்தத்துக்குள் கணவனையும் மனைவியையும் சண்டை பிடிக்க வைக்காத விசயம், ஒரு குறுஞ்செய்தி சண்டை பிடிக்க வைத்தது.

வெள்ளிக்கிழமை மே 1, விடுமுறை. மூன்று நாள் தண்டனை போல் கழிந்தது. திங்கட்கிழமை தொலைபேசி வந்தது. முற்றத்தில் சந்திக்கலாமா என்று ஆசிரியை கேட்டார்.

பெற்றோர் கட்டடத்துக்குள் போக அனுமதி இல்லாத காலம். ஆகவே பாடசாலை முற்றத்தில், இரண்டு மீற்றர் தள்ளித் தள்ளிப் போட்ட வாங்குகளில் இருந்தோம். ஆசிரியையோடு பாடசாலைச் சுகாதாரத் தாதியும் வந்திருந்தார். நாங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போனோம், அவன் மொழிபெயர்ப்பான் என்று. தாதி உடனே மறுத்துவிட்டார். பெரியவர்களின் கதையைப் பிள்ளையின் தலையில் சுமத்தக் கூடாது என்றார். அவனைப் பந்து விளையாட அனுப்பிவிட்டு, தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்து வாங்கில் வைத்தார். எங்களுக்குக் காசு செலவில்லை. புதிதாக வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் மொழிபெயர்ப்புக்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதற்கு அதில் தடை. "மொழிபெயர்க்கிறவர் எங்கட ஆள், கதை நாளைக்குக் கோயிலடிக்கு வந்திடும்" என்ற பயம் எம்மவரிடம் உண்டு. எங்களுக்கும் இருந்தது. அவர்களுக்கு இரகசியம் காக்கும் கடமை சட்டத்தில் இருக்கிறது. அன்று தொலைபேசியில் வந்த அம்மா வேறு நகரத்தில் இருந்தவர். எங்கள் பெயரைக் கூட அவருக்குச் சொல்லவில்லை. மட்டக்களப்புத் தமிழில் மெதுவாகப் பேசினார். அந்தக் குரலே எங்களைப் பாதி ஆற்றிவிட்டது.

முதலாவது கேள்வி எங்களுடையது. "எங்களைப் பார்ணவார்ணுக்கு அறிவிச்சுப் போட்டீங்களா?" மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நிறுத்தி, பிறகு சொன்னார். ஆசிரியையின் முகம் மாறியது. இல்லை என்றார். பாரதூரமான புறக்கணிப்பு, வன்முறை என்று சந்தேகம் வந்தால் அறிவிக்கும் கடமை எங்களுக்கு உண்டு, பிள்ளைக்கு முட்டு வருத்தம் என்று பயந்து வீட்டில் வைத்திருப்பது அது அல்ல என்று தாதி விளக்கினார். பிறகு அவர் சொன்னதுதான் சுட்டது. பயம் என்று சொல்லியிருந்தால் முதல் நாளே கதைத்திருப்போம். வருத்தம் என்று சொன்னதால் எட்டு நாளாக அவனுக்குக் கொரோனாவா என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம், அவனோடு விளையாடிய பிள்ளையின் வீட்டையும் யோசித்தோம் என்றார். எங்கள் பொய் இன்னொரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறது என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

இன்னொரு விசயத்தையும் அப்போதுதான் அறிந்தோம். நோர்வேயில் பிள்ளைக்குக் கல்விதான் கட்டாயம், பாடசாலை அல்ல. நகரசபைக்கு அறிவித்துவிட்டு, அவர்களுடைய மேற்பார்வையில் வீட்டிலேயே படிப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. எங்களால் அது முடியாது, எங்கள் கழித்தலே பிழை! ஆனாலும் சட்டத்துக்குள் ஒரு கதவு இருந்திருக்கிறது. நாங்கள் யன்னலால் குதித்திருக்கிறோம்.

பிறகு கேள்விகளை அடுக்கினோம். மலசலகூடம் எத்தனை பேருக்கு ஒன்று? பம்ப் அடிக்க வேண்டி வந்தால் யார் அடிப்பது? வகுப்பில் ஒருவருக்கு வந்தால் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? ஆசிரியை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சிறிய வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், அந்த 15 பேரும் மற்றக் கூட்டத்தோடு கலப்பதில்லை, தொடங்கும் நேரம் வேறு வேறு, கூடியவரை வெளியில் பாடம். சுவரோரம் சோக்கால் கீறிய கோடுகளைக் காட்டினார். குழந்தை வைத்தியர்களின் சங்கம் அந்த மாதங்களில் ஆலோசனை வெளியிட்டிருந்தது, மருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமாப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே பாடசாலைக்குப் போகலாம் என்று. தாதி அதை வரி வரியாக வாசிக்க, தொலைபேசிக் குரல் தமிழில் சொன்னது. எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் தர முடியாது என்பதையும் சொன்னார்கள். ஆசிரியைக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். திறந்த முதல் நாள் காலையில் தனக்கும் வயிற்றைக் கலக்கியது என்று சிரித்தார்.

அடுத்த நாள் அவன் போனான். வாசலில் பெற்றோருக்கென்று ஒரு மஞ்சள் கோடு. அதற்கு இப்பால் நின்றோம். பம்ப் பையின் முன்பக்கச் சிப்புக்குள் இருக்கிறது என்று மூன்றாவது தடவையாகச் சொல்வதற்குள் அவன் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவள் அதற்கடுத்த கிழமை போனாள்.

அந்த வருடம் அவனுக்குக் கொரோனா வரவில்லை. அதனால் எங்கள் பயம் பிழை, அரசாங்கம் சரி என்று சொல்ல வரவில்லை. ஏனென்றால் அரசாங்கத்துக்குள்ளேயே ஒரே கருத்து இருக்கவில்லை. மார்ச் 12 இல் பாடசாலைகளைப் பூட்டும் முடிவைச் சுகாதாரத் திணைக்களம் எடுத்தபோது, பொதுச் சுகாதார நிறுவகம் அப்படிப் பூட்டச் சொல்லி ஆலோசனை கொடுத்திருக்கவில்லை. இரண்டு தரப்பும் இதை ஒளிக்கவும் இல்லை. மே மாதக் கடைசியில் பிரதமர் தொலைக்காட்சியில், அந்த நாட்களின் பல முடிவுகளைப் பயத்தினால் எடுத்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு அதைக் கேட்டோம். நாங்கள் பயத்தில் ஒரு பையை அலுமாரிக்குள் வைத்தோம். அவர் பயத்தில் ஒரு நாட்டைப் பூட்டினார்!

அரசாங்கம் தானே அமைத்த விசாரணை ஆணைக்குழு, ஸ்டேனர் க்வின்ஸ்லான்ட் தலைமையில், 2021 ஏப்ரல் 14 இல் அறிக்கை கொடுத்தது. மொத்தத்தில் நாடு நன்றாகச் சமாளித்தது என்றாலும், மார்ச் 12 முடிவை ஒரு திணைக்களம் அல்ல, அரசாங்கமே எடுத்திருக்க வேண்டும் என்றது. பிள்ளைகள் பெரிய சுமையைத் தாங்கினார்கள் என்றது. வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே தொற்று கூடியதற்கு அதிகாரிகள் போதிய ஆயத்தத்தோடு இருக்கவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பொலிஸ், பிறந்தநாள் கொண்டாட்டத்தில் தொற்று விதியை மீறினார் என்று அதே பிரதமருக்கு 20,000 குரோனர் தண்டப்பணம் விதித்திருந்தது. பொலிஸ் பிரதமருக்கு! ஊருக்கு எடுத்துச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "பகிடி விடாதை" என்றார். ஊரடங்கு போட அதிகாரம் தரும் ஒரு சட்ட யோசனையும் 2021 தொடக்கத்தில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பி அது நிறைவேறாமலே போயிற்று. நோர்வேயில் ஒரு நாளும் ஊரடங்கு இருக்கவில்லை. ஊரடங்குக்குள் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதில் ஒரு தனிச் சந்தோசம். நோர்வேஜியர்களுக்கோ, கோடைக் குடிலில் போய்த் தங்கக் கூடாது என்று 2020 வசந்தத்தில் போட்ட தடைதான் பெரிய மனவருத்தம். அவரவர் துயரம் அவரவருக்கு.

2020 இலையுதிர்காலத்திலும் 2021 வசந்தத்திலும் ஒஸ்லோப் பாடசாலைகளில் மஞ்சள் நிலை, சிவப்பு நிலை என்று வீதி விளக்குப் போல மாறி மாறி வந்தன. இம்முறை எங்கள் முறைப்பாடு தலைகீழாகிவிட்டது. திறக்காதே என்று பயந்தவர்கள், மூடாதே என்று கேட்டோம். ஒவ்வொரு பாடசாலையிலும் பெற்றோர் பிரதிநிதிகள் கூடும் ஒரு குழு உண்டு. அதன் கணினிக் கூட்டத்தில், வீட்டில் நோர்வேஜிய மொழி பேசாத பிள்ளைகளுக்குச் சிவப்பு நாட்களிலும் பாடசாலையில் இடம் தர முடியுமா என்று கேட்டோம். எழுதி வைத்து வாசித்தோம். உச்சரிப்புப் பிழை. ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, வாரத்தில் இரண்டு நாள் சிறிய குழுவில் வாசிப்புப் பயிற்சி கிடைத்தது.

2022 ஜனவரியில் ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி திறந்துவிட்டார்கள். அவனுக்கு அப்போது ஒன்பது. இந்த அறிவிப்பு எங்களை வேறு விதமாகக் குழப்பியது. போடுங்கள் என்று சொல்லவில்லை. போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பெற்றோர் விரும்பினால் போடலாமாம். இது என்ன அரசாங்கம், தனக்கே தெரியாதா? அதோடு தாயும் தகப்பனும் இருவரும் சம்மதிக்க வேண்டும். எங்களில் ஒருவர் உடனே கையெழுத்து வைத்தார், வன்னி வரிசையை நினைத்தோ என்னவோ. மற்றவர் மறுத்தார். 2009 இல் பன்றிக் காய்ச்சலுக்காக நோர்வேயில் ஏறத்தாழ 22 இலட்சம் பேருக்குப் பண்டெம்ரிக்ஸ் என்ற ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு நார்கொலெப்சி என்ற, நினையாமல் தூங்கி விழும் நோய் வந்து, அரசு நட்டஈடும் கொடுத்தது. வேலையிடத்தில் ஒரு நோர்வேஜியர் சொல்லித்தான் இது தெரிய வந்தது. வதந்தி என்று பார்த்தால், உண்மை. ஒரு கையெழுத்தோடு அந்தத் தாள் குளிர்ச்சாதனப் பெட்டியில் காந்தத்தின் கீழ் தொங்கியது.

இம்முறை தடிமன் என்று ஒன்றும் அனுப்பவில்லை. பாடசாலைத் தாதிக்கு எடுத்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதைத்தோம். அது அதே ஊசியா? இதயத் தசை அழற்சி வரும் என்கிறார்களே, இந்த வயதில் எவ்வளவு? முட்டு வருத்தத்துக்குப் பாவிக்கும் மருந்தோடு ஒத்துப்போகுமா? முதலாவதற்கு, அது வேறு வகை ஊசி என்று உடனே பதில் சொன்னார். இரண்டாவதற்கு, பெரும்பாலும் இளைஞர்களிடையே, அதுவும் மிக அரிதாகத்தான் காணப்பட்டது என்றார். மூன்றாவதற்கு, வைத்தியரிடம் கேட்டுவிட்டு வியாழக்கிழமை எடுக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் எடுத்தார். இரண்டாவது கையெழுத்து அன்றிரவு விழுந்தது.